மோசமான மூன்று இடங்கள்

ஜனவரி 9

அன்புள்ள தொட்டிக்கு,

அக்கா எழுதுவது. எனக்கு மூட்டு வலி வழக்கம்போல் உண்டு, சளி விட்டுவிட்டது, மற்றபடி குறையில்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று விவரமாக எழுது. போன கடிதத்தில் "நலம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாய். ஐம்பது வயசு ஆளுக்கு ஒரு வலிகூடவா இல்லாமல் போகும்?

உன்னோடு ஃபோனில் பேசலாமென்றால் "ஆங்? ஆங்?" என்று கேட்டே பாதி நேரம் போய்விடுகிறது. முப்பது வருஷம் பம்ப் ஹவுஸில் மோட்டாரோடு குடித்தனம் நடத்திக் காதைத் தொலைத்தாய். மெசேஜ் அனுப்பினால் கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாகப் போடுகிறாய். அதனால்தான் இந்தத் தபால். ஸ்டாம்ப் கேட்டால் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்க்கிறார். போன வருஷம் அங்கே வந்தபோது முக்கால் மணி நேரம் உன் கதவைத் தட்டிக்கொண்டு நின்றேன். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் உன் ஜன்னலில் டார்ச் அடித்தார். அதை நான் மறக்கவில்லை.

இந்த அறைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு ஜன்னல். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படுத்துக்கொண்டு காது கொடுத்துக் கேட்பேன். யாரும் இருமவில்லை, யாரும் கூப்பிடவில்லை. அப்பாவை ஒன்பது வருஷம், அவர் போன கையோடு அம்மாவை நாலு வருஷம் பார்த்தேன். குறையாகச் சொல்லவில்லை. ஆனால் ஒரு டம்ளரை நான் வைத்த இடத்திலேயே மறுநாள் பார்ப்பது எவ்வளவு நிம்மதி தெரியுமா? அதை நகர்த்தி வைக்க ஓர் ஆள் இல்லையே என்றும் சில நாள் தோன்றும். அதை விடு.

லேபில் புது வேலை வந்திருக்கிறது. நூற்றிருபது பேருடைய குடல் புற்றுக் கட்டி, நாலு ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறது. ஒவ்வொன்றையும் மெழுகில் பதித்து, முடியைவிட மெல்லிசாகச் சீவி, ஸ்லைடில் ஏற்றி, சாயம் போட்டு, மைக்ரோஸ்கோப்பில் வைத்து எண்ண வேண்டும். நான் ஒருமுறை எண்ணுவேன், கண்ணாடி ஒருமுறை எண்ணுவாள். கண்ணாடி என்பது என்னோடு வேலை செய்கிற பெண். முகத்தில் பாதி மூக்குக் கண்ணாடிதான். ஸ்லைடில் பெயர் இருக்காது, நம்பர் மட்டும்தான். யாருடையது என்று தெரிந்தால் எண்ணக் கூடாது. தெரிந்தவர்கள் என்றால் கை தாராளமாகிவிடும் என்பார் எங்கள் டாக்டரம்மா.

வேளைக்குச் சாப்பிடு. பதில் போடு.

உன் அக்கா

—

ஜனவரி 19
(எழுதியது, தபாலில் போடவில்லை)

அக்கா,

நலமில்லை. இப்படி ஆரம்பித்தால் நீ கிடைத்த பஸ்ஸில் ஏறிவிடுவாய். அதனால் இதைப் போடப்போவதில்லை. ஆனால் யாரிடமாவது சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

எனக்குப் பெருங்குடலில் புற்று. டிசம்பர் முதல் வாரத்தில் ஆபரேஷன் ஆனது. ஒரு சாண் குடலை எடுத்துவிட்டார்கள். மூன்று மாதமாக ரத்தம் போயிருக்கிறது, மூலம் என்று நானே முடிவுகட்டி மருந்துக்கடையில் களிம்பு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். எந்தக் குழாயில் கசிவு என்று மண்ணில் காதை வைத்துக் கண்டுபிடித்த காலமெல்லாம் உண்டு. சொந்த வயிற்றில் கோட்டை விட்டேன்.

ஆஸ்பத்திரியில் "கூட யாரு இருக்காங்க?" என்று நர்ஸ் கேட்டிருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை. எங்கள் ஆபீஸ் மீட்டர் ரீடர் முந்திக்கொண்டு "நான் இருக்கேன், இவருக்கு அண்ணன்" என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். அவர் என்னைவிட ஏழு வயசு சின்னவர். தாளைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, தையல் வலித்தது. சிரிப்பு நின்ற பிறகு அந்த இடத்தில் உன் பெயர் இல்லையே என்று இருந்தது.

வெட்டி எடுத்ததில் ஆராய்ச்சிக்கு ஒரு துண்டு தருகிறீர்களா என்று எழுதிக் காட்டிக் கேட்டார்கள். அதை வைத்து நான் என்ன செய்யப்போகிறேன், சரி என்றேன். அனுப்பும் இடம் என்று உன் ஆபீஸ் பெயர் போட்டிருந்தது. டப்பாவில் ஒட்டியது போக மிஞ்சின ஸ்டிக்கரை நர்ஸ் என் தாளில் ஒட்டிவிட்டார். ஜி-27.

உன் கடிதத்தில் டம்ளரைப் பற்றி எழுதியிருந்தாய். பதிமூன்று வருஷம் நோயாளிக் கட்டில் பக்கத்திலேயே இருந்தவளுக்கு இப்போதுதான் இரண்டு வருஷம் லீவு கிடைத்திருக்கிறது. அதை நான் கெடுக்கப்போவதில்லை.

27 உன் கைக்கு வந்தால் பார்த்துச் சீவு.

தொட்டி

—

ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

தொட்டி எழுதுவது. விவரமாக எழுதச் சொன்னாய். தலை நலம், கை நலம், கால் நலம், காது நீ அறிந்ததே. கொஞ்சம் இளைத்திருக்கிறேன். பேண்ட் இடுப்பில் நிற்க மாட்டேன் என்கிறது. "இப்பதான் மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க" என்கிறார் மீட்டர் ரீடர். உன் மூட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

எனக்குக் கொஞ்ச நாள் ஆபீஸில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். எந்தத் தெருவுக்கு எப்போது வால்வைத் திறந்தார்கள் என்று நோட்டில் எழுத வேண்டும். முப்பது வருஷம் திறந்தவனுக்கு, அடுத்தவன் திறந்ததை எழுதிக்கொண்டிருப்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

பொழுதே போகவில்லை. உன் ஸ்லைடுகளைப் பற்றி எழுது. எதை எண்ணுகிறாய், எதற்கு எண்ணுகிறாய், எந்த நம்பர் எப்படி இருந்தது என்று எல்லாம் எழுது.

அன்புடன்,
தொட்டி

—

பிப்ரவரி 12

அன்புள்ள தொட்டிக்கு,

அக்கா. ஒத்தடம் கொடுத்தேன், பலன் இல்லை. இளைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். தனியாக இருக்கிற ஆம்பளை சமைக்கிற லட்சணம் எனக்குத் தெரியாதா? ஒழுங்காகச் சாப்பிடு.

எண்ணுகிற நம்பரைப் பற்றி வெளியே மூச்சு விடக் கூடாது என்பது விதி. உன்னிடம் சொன்னால் எங்கே போகப்போகிறது, நீயோ யார் பேச்சையும் காதில் வாங்காத ஆள்.

விஷயம் இதுதான். எல்லார் உடம்பிலும் ஒரு மரபணு இருக்கிறது. அது இரண்டு வேலை செய்கிறது என்று டாக்டரம்மா நினைக்கிறார். கட்டி வளர ரத்தம் வேண்டும், அதற்குப் புதுப்புது ரத்தக் குழாய்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளப் பார்க்கும். இந்த மரபணு அதைத் தடுக்கும். கூடவே உடம்பின் காவல் அணுக்களுக்கு ஆள் விட்டு, இங்கே வாருங்கள் என்று கூப்பிடவும் செய்யும். குடல் புற்று வந்தவர்களில் சிலருக்கு இந்த மரபணு கெட்டுப்போகவில்லை, அப்படியே முழுசாக இருக்கிறது. ஆனால் மூடிக் கிடக்கிறது. உனக்குப் புரிகிற மாதிரி சொன்னால், குழாய் உடையவில்லை, வால்வை யாரோ மூடிவிட்டுப் போய்விட்டார்கள். மூடிக் கிடக்கிறவர்களுக்குக் குழாய் அதிகமா, காவல் குறைவா என்று பார்க்கத்தான் இந்த எண்ணிக்கை.

ரத்தக் குழாய் பழுப்பாகத் தெரியும், காவல் அணு சிவப்பாகத் தெரியும். முதலில் சின்ன லென்ஸில் சுற்றிப் பார்த்து, எங்கே குழாய் நெருக்கமோ அங்கே மூன்று வட்டம் பிடித்துப் பெரிய லென்ஸில் எண்ணுவோம்.

4-ஆம் நம்பர் நல்ல பிள்ளை, குழாய் குறைவு, காவல் ஏராளம். 19 இரண்டுங்கெட்டான். செவ்வாய்க்கிழமை 27 வந்தது. அதைப் போல ஒரு ராட்சசனை நான் பார்த்ததில்லை. மற்றவர்களுக்கு ஒரு வட்டத்தில் இருபத்தைந்து குழாய் வந்தாலே அதிகம். இதற்கு ஐம்பத்தெட்டு, அறுபத்தொன்று, ஐம்பத்திரண்டு. காவல் அணு மூன்று வட்டத்திலும் சேர்த்து நாலே நாலு. அந்த மரபணு இருக்கிற சுவடே இல்லை, இறுக்கி மூடியிருக்கிறது. எண்ணி எண்ணிக் கண் பூத்துப்போயிற்று. டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. 27-ஐத் திட்டிக்கொண்டே வேறு டீ போட்டுக் குடித்தேன். கண்ணாடியும் தனியாக எண்ணினாள், அவளுக்கும் அதே கணக்குதான் வந்தது.

ஜன்னலுக்குத் திரை வாங்கலாமா என்று யோசிக்கிறேன். எதிர் வீட்டில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவது தெரிகிறது.

உன் அக்கா

—

மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

தொட்டி எழுதுவது. நலம். உன் நலம் எப்படி? பதில் தாமதமாகிவிட்டது. வேலை கொஞ்சம் அதிகம்.

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். கட்டி தன் பக்கம் குழாயை இழுத்துக்கொள்வதைப் பற்றி எழுதியிருந்தாயே, அது எங்களுக்குத் தெரிந்த சமாசாரம். திருட்டு இணைப்பு. போன வருஷம் ஒரு சந்தில் பிரஷர் வரவில்லை என்று தோண்டிப் பார்த்தால், மெயின் குழாயில் ஒரு வீட்டுக்காரர் ஓட்டை போட்டு இழுத்திருக்கிறார். திருட்டுக் குழாய் நேராகவே போகாது. கிடைத்த பைப்பை எல்லாம் சேர்த்து டேப் சுற்றியிருப்பார்கள், மூட்டுக்கு மூட்டு கசியும். சுற்றிலும் ஒரே சேறு. ரிப்பேருக்குப் போன எங்கள் வண்டியே சந்துக்குள் போக முடியாமல் வெளியில் நின்றது. உன் காவல்காரர்களும் அப்படிச் சேற்றில் மாட்டிக்கொண்டிருப்பார்களோ என்று தோன்றியது.

இன்னொரு சந்தேகம். உடைந்த வால்வு என்றால் தூக்கிப் போட்டுவிட்டு மாற்ற வேண்டும். மூடிக் கிடக்கிற வால்வைத் திறக்கலாம் அல்லவா? பத்து வருஷம் துருப்பிடித்ததைக்கூட எண்ணெய் விட்டு, முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துத் திறந்திருக்கிறேன்.

அந்த 27 மாதிரி ஆள்களுக்குக் கடைசியில் என்ன ஆகும்? சும்மாதான் கேட்கிறேன்.

திரை வாங்கு. பச்சைக் கலரில் வாங்காதே, உனக்கு முதல் நாளே அலுத்துவிடும்.

அன்புடன்,
தொட்டி

—

ஏப்ரல் 7

அன்புள்ள தொட்டிக்கு,

அக்கா. ஆறு வாரம் கழித்து வந்த கடிதத்தில் "வேலை அதிகம்" என்று சாக்குச் சொல்கிறாய். உனக்குக் காது கேட்காது என்பதற்காக என் காதில் பூச்சுற்றுகிறாயா? ஆபீஸில் உட்கார்ந்து நோட்டு எழுதுகிறவனுக்கு என்ன வேலை அதிகம்?

மார்ச் இருபதாம் தேதி எனக்கு ஐம்பத்தாறு முடிந்தது. நீ மறந்தது இதுதான் முதல் தடவை. கண்ணாடி பிஸ்கட் பாக்கெட் வாங்கிவந்தாள். இரண்டு பேரும் ஸ்லைடு உலர்கிற நேரத்தில் சாப்பிட்டோம். வீட்டுக்கு வந்து தபால் பெட்டியைத் திறந்து பார்த்தேன். மறுநாளும் பார்த்தேன். கோபம் இல்லை, சொல்லிவைக்கிறேன்.

திருட்டுக் குழாய் கசியும் என்று நீ எழுதினதைக் கண்ணாடிக்குப் படித்துக் காட்டினேன். "கட்டியில வர்ற குழாயும் அப்படித்தான்க்கா, கோணலும் கசிவும்தான். உங்க தம்பி டாக்டரா?" என்றாள். "இல்ல, தண்ணி திறந்து விடுறவன்" என்றேன். "அப்ப டாக்டரைவிட நல்லாத்தான் சொல்லுவாரு" என்றாள். திறக்க முடியுமா என்று கேட்டாயே, அதற்குத்தான் இத்தனை பாடும். எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

27 மாதிரி ஆள்களுக்கு என்ன ஆகும் என்றால், சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், நீ பயந்தாங்கொள்ளி இல்லை. நான் டாக்டர் இல்லை, ஆனால் பழைய நோட்டுகளைப் பார்த்திருக்கிறேன். அந்த மாதிரி கணக்கு வந்தவர்கள் பெரும்பாலும் இரண்டு வருஷம். சிலர் அதுகூட இல்லை. பாவம், யார் பெற்ற பிள்ளையோ.

திரை வாங்கிவிட்டேன். பச்சைதான். நீ சொன்னபடியே அலுத்துவிட்டது.

உன் அக்கா

—

ஏப்ரல் 18
(எழுதியது, தபாலில் போடவில்லை)

அக்கா,

இங்கே டாக்டர் "மருந்து போட்டுப் பாப்போம், பாப்போம்" என்று மட்டும்தான் சொல்கிறார். நானும் தலையாட்டிவிட்டு வருகிறேன். கேட்க வேண்டியதை உன் கையெழுத்திலேயே படித்துவிட்டேன். இரண்டு வருஷம். யார் பெற்ற பிள்ளையோ என்று எழுதியிருக்கிறாய். உன்னைப் பெற்றவள் பெற்ற பிள்ளைதான் அக்கா.

உன் பிறந்த நாளை மறக்கவில்லை. அன்றைக்கு எனக்கு மருந்து ஏற்றுகிற நாள். நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து மூன்று மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறக்குவார்கள். மடியில் உனக்கு எழுதத் தாள் வைத்திருந்தேன். விரல் மரத்துப்போய் பேனா நிற்கவில்லை. பிறகு வாந்தி எடுத்துக்கொண்டு நாலு நாள் போனது.

இந்த மருந்தில் ஒரு வேடிக்கை. பச்சைத் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை, ஊசி ஊசியாகக் குத்துகிறது. குடித்தால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. போன வாரம் பம்ப் ஹவுஸுக்குச் சும்மா எட்டிப் பார்க்கப் போனேன். பழக்க தோஷத்தில் டெஸ்ட் குழாயைத் திறந்து கையை நீட்டிவிட்டேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மீட்டர் ரீடர் தன் சட்டையைக் கழற்றி என் கையில் சுற்றினார். தண்ணீர்க்காரனுக்குத் தண்ணீர் ஆகவில்லை.

பயமாக இருக்கிறது. காது கேட்கிறவர்களுக்கு வீட்டில் ஏதாவது சத்தமாவது துணைக்கு இருக்கும். எனக்கு அதுவும் இல்லை. நீ வந்து ஒரு நாள் உட்கார்ந்தால் போதும் என்று இருக்கிறது. ஆனால் நீ ஒரு நாளில் திரும்புகிறவள் இல்லை, அதுதான் தகராறு.

தொட்டி

—

மே 1

அன்புள்ள அக்காவுக்கு,

தொட்டி எழுதுவது. நலம். பிறந்த நாளை மறந்தது தப்புதான், மன்னித்துவிடு. கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், பேனா சரியில்லை.

இங்கே தண்ணீர் தட்டுப்பாடு. இரண்டு நாளைக்கு ஒரு முறைதான் திறக்கிறோம். எல்லாரும் என்னைப் பார்த்துத்தான் கத்துகிறார்கள். எனக்கு எங்கே கேட்கிறது, சிரித்துக்கொண்டே போய்விடுகிறேன்.

பழைய ஸ்லைடுகளை மறுபடி எடுத்துப் பார்ப்பீர்களா, அல்லது ஒரு முறை எண்ணினால் அவ்வளவுதானா? ஜி-27-ஐ இன்னொரு தடவை எண்ணினால் கணக்கு மாறுமா? நீ அன்றைக்குக் களைப்பில் இருந்தாயோ என்னவோ.

அன்புடன்,
தொட்டி

—

மே 11

தொட்டி,

நீ வெந்நீரில் குளிக்கிறாயா, பச்சைத் தண்ணீரிலா? இதற்கு மட்டும் பதில் போடு. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

அக்கா

—

மே 19

அக்கா,

வெந்நீர்.

வாழ்நாளில் வெந்நீரைத் தொடாதவன் என்று உனக்குத் தெரியும். நீ எப்படிக் கண்டுபிடித்தாய் என்று தெரியவில்லை, ஆனால் கண்டுபிடித்துவிட்டாய் என்று தெரிகிறது. இந்தக் கவரில் இரண்டு பழைய கடிதங்கள் இருக்கின்றன. தேதியைப் பார்த்துத் திட்டு.

தொட்டி

—

மே 28

என் தொட்டிக்கு,

நலமா என்று கேட்கவில்லை. நானும் நலம் என்று எழுதவில்லை.

இரண்டு கடிதத்தையும் படித்தேன். லேபில் ஸ்டோர் ரூமில் மெழுகுக் கட்டிப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று படித்தேன். அழுதேன். கண்ணாடி வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கதவைச் சாத்திவிட்டு வெளியே காவலுக்கு நின்றாள்.

முதலில் திட்டுவதைத் திட்டிவிடுகிறேன். மீட்டர் ரீடர் உனக்கு அண்ணன் என்றால் எனக்கு யார், தம்பியா? அவர் நல்லவர், அவருக்கு ஒரு சட்டை எடுத்து வைத்திருக்கிறேன், அளவு உத்தேசம்தான். ஆனால் நான் உயிரோடு இருக்கும்போது அந்தக் கட்டத்தில் இன்னொருவர் பெயர் எப்படி வரலாம்? ஐந்து வயசில் நீ தண்ணீர்த் தொட்டியில் விழுந்தபோது முடியைப் பிடித்துத் தூக்கினவள் நான். அந்தப் பெயரையே உனக்கு வைத்தவள் நான்.

டம்ளரைப் பற்றி எழுதினேன், ஒப்புக்கொள்கிறேன். நிம்மதி என்று எழுதினதைப் படித்துவிட்டு, நகர்த்தி வைக்க ஆள் இல்லை என்று எழுதினதை விட்டுவிட்டாய். அடுத்த வரிதானே, கண்ணில் படவில்லையா?

இப்போது 27. நான் உனக்கு எழுதின எந்தக் கடிதத்திலும் "ஜி" என்ற எழுத்து இல்லை. அது எந்த ஆஸ்பத்திரி என்று காட்டுகிற எழுத்து, நம்பர் நாலு ஆஸ்பத்திரிக்கும் சேர்த்து ஒரே வரிசைதான். லேபிலும் ஆஸ்பத்திரி டப்பாவிலும் தவிர அது எங்கும் கிடையாது. நீ எழுதின அந்த வரியைப் பார்த்துவிட்டுக் கையெழுத்தைப் பார்த்தேன். பேனா சரியில்லை என்று எழுதியிருந்தாய். உன் பேனா நன்றாகத்தான் எழுதியிருந்தது, விரல்தான் நடுங்கியிருந்தது. குடல் புற்றுக்குப் போடுகிற ஒரு மருந்தில் விரல் மரத்துப்போகும், பச்சைத் தண்ணீர் ஆகாது என்று கண்ணாடி சொல்லக் கேட்டிருக்கிறேன். அதனால்தான் வெந்நீரா என்று கேட்டேன். பச்சைத் தண்ணீர் என்று நீ பதில் போட வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொண்டிருந்தேன்.

உன் பதில் வந்த அன்றே டாக்டரம்மா அறைக்குப் போனேன். "27 யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு டாக்டர்" என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். "யாரு?"

"என் தம்பி."

அவர் 27-இன் கணக்குத் தாளை எடுத்து முன்னால் வைத்தார். பிறகு, "நீங்க போட்ட கணக்கை எடுத்துடலாம். இனிமே நீங்க 27-ஐ எண்ணக் கூடாது" என்றார்.

"எண்ணல. நம்பரைப் பத்தி அவன்கிட்ட எழுதிட்டேன், அதுவும் என் தப்புதான். ஒரே ஒரு தடவை பாக்கலாமா?"

"எண்ணாம பாக்க முடியுமா உங்களால?"

"பாக்குறேன்."

அவரே எழுந்து வந்து ஸ்லைடை எடுத்துக் கொடுத்தார். நான் சின்ன லென்ஸில் வைத்து, மேல் மூலையிலிருந்து கீழ் மூலை வரைக்கும் மெதுவாக நகர்த்திக்கொண்டே போனேன். ஒரு மணி நேரம் பார்த்தேன். இத்தனை வருஷ வேலையில் குழாய் நெருக்கமான இடத்தைத் தேடி ஓட்டியிருக்கிறேனே தவிர, ஒரு ஸ்லைடையும் நான் முழுசாகப் பார்த்ததில்லை.

தொட்டி, இதைக் கவனமாகப் படி. எங்கே குழாய் நெருக்கமோ அங்கேதான் மூன்று வட்டம் பிடிப்போம் என்று உனக்கு ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டேன். அதற்கு அர்த்தம், ஸ்லைடில் இருப்பதிலேயே மோசமான மூன்று இடத்தைத் தேடிப் பிடித்து எண்ணுகிறோம் என்பது. மீதியை யாரும் எண்ணுவதில்லை. அது எங்கள் வேலைமுறை, ஒன்றோடொன்று ஒப்பிட அப்படித்தான் செய்தாக வேண்டும். ஐம்பத்தெட்டும் அறுபத்தொன்றும் உண்மை, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அது அந்த மூன்று இடத்தின் கணக்கு. நான் அதை 27-இன் கணக்கு என்று எழுதினேன், நீ அதை உன் கணக்கு என்று படித்தாய்.

மற்ற இடங்களில் குழாய் அவ்வளவு இல்லை. ஓரத்தில், கட்டி முடிந்து நல்ல குடல் ஆரம்பிக்கிற இடத்தில், சிவப்புச் சிவப்பாகக் காவல் அணுக்கள் நிற்கின்றன. ஒன்றிரண்டு இல்லை, வரிசை வரிசையாக, ஒரு பக்கம் நெடுக. என்னையறியாமல் எண்ண ஆரம்பித்துவிட்டேன். முப்பதைத் தாண்டியதும் ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டேன்.

"இதுக்கு என்ன அர்த்தம் டாக்டர்?" என்று கேட்டேன்.

"வந்திருக்காங்க. உள்ள போக முடியல. குழாயெல்லாம் கோணலும் கசிவுமா இருக்கு, கூப்பிட வேண்டிய மரபணுவும் மூடிக் கிடக்கு. அந்தக் குழாய்களை அடக்குற மருந்து ஒண்ணு இருக்கு. சேத்துக் குடுத்தா சிலருக்கு வழி விடுது. எல்லாருக்கும் இல்ல. உங்க தம்பியோட டாக்டருக்கு நான் எழுதித் தர்றேன், அவங்க பாத்து முடிவு பண்ணட்டும்."

அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன், என் கையால் எதுவும் கூட்டவில்லை. தெரிந்தவர்கள் என்றால் கை தாராளமாகிவிடும் என்று பயந்து, இந்தப் பக்கத்தை இரண்டு தடவை சரிபார்த்தேன். இரண்டு வருஷம் என்று எழுதினேனே, அது பழைய நோட்டில் இருக்கிற வேறு யாருடைய கணக்கோ. தபாலில் போட்டதை அழிக்க முடியாது. அந்தக் கடிதத்தை நீ கிழித்துப் போட்டால் எனக்கு நல்லது. உன் கணக்கு என்ன என்று எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

இனி 27-ஐக் கண்ணாடி பார்த்துக்கொள்வாள். இரண்டு மாதம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அறையைப் பூட்டி, திரையைக் கழற்றித் துவைத்து மடித்து வைத்தாயிற்று. டம்ளரைப் பையில் எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு என் பஸ் வந்து சேரும். ஸ்டாண்டுக்கு நீ வர வேண்டாம், வழி எனக்குத் தெரியும். நான் வந்து தட்டினால் உனக்குக் கேட்காது. கதவைத் திறந்தே வை.

உன் அக்கா